தலைவரின் எண்ணுக்கு அழையுங்கள்: ஒன்றிய அலுவலக அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஊராட்சி ஒன்றிய அலுவலக அதிகாரிகளுக்கு, வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு என் கைபேசி அடித்தது. "தலைவரம்மாங்களா? யூனியன் ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க பீரியட்ல போட்ட பைப்லைன் வேலைக்குத் தணிக்கைத் தடை வந்திருக்கு. நேர்ல வந்து பதில் எழுதிக் கொடுங்க" என்றார்கள். சரி என்றேன். (தணிக்கைத் தடை என்றால், கணக்குத் தணிக்கையில் எழுப்பும் ஆட்சேபணை.) போனை வைத்த பிறகுதான் உறைத்தது. 2020 ஜனவரி 6 அன்று ஊராட்சி மன்றத் தலைவராக உறுதிமொழி எடுத்தேன். 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்தது. இடையில் இருந்த ஐந்து வருஷத்தில் உங்கள் அலுவலகத்திலிருந்து என் எண்ணுக்கு ஒரு அழைப்புகூட வந்ததில்லை. முதல் அழைப்பே இப்போதுதான், நான் தலைவராக இல்லாதபோது, ஒரு தப்புக்குப் பதில் சொல்வதற்காக வந்திருக்கிறது.

ஆக, என் எண் உங்களிடம் இருந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டதில் சந்தோஷம்.

உங்களுக்குத் தெரியாத கதை ஒன்றும் இல்லை இது. பதவியேற்ற வாரத்தில் தலைவர்களின் விவரம் கேட்டு ஒரு தாள் கொடுத்தீர்கள். பெயர், படிப்பு, முகவரி, கைபேசி எண். என் எண்ணை எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் அதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, "சார் நம்பர் சொல்லுங்கம்மா, உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு" என்றார். சார் என்றது என் கணவரை. மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையிலேயே ஐந்து வருஷம் கழிந்துவிட்டது.

தலைவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தீர்கள். எங்கள் ஒன்றியத்தில் பாதிக்கு மேல் பெண் தலைவர்கள். குழுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று ஒருநாள் எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரு. அதுல ஒருத்தங்க பி.டி.ஓ. மேடம்" என்றார். தலைவர் இல்லை, வட்டார வளர்ச்சி அலுவலர்.

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. முதல் மாதம் அவரே உங்களிடம், "அவங்ககிட்டயே பேசுங்க சார், அவங்கதானே தலைவர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். மூன்றாவது மாதம் சொல்வதை நிறுத்தினார். ஆறாவது மாதம் இரண்டு வெள்ளைச் சட்டை தைத்தார். லாரி ஓட்டுகிற மனிதரை நாலு அதிகாரிகள் தினமும் 'தலைவரே, தலைவரே' என்று கூப்பிட்டால் அவர்தான் என்ன செய்வார்?

அந்த பைப்லைன் விஷயத்துக்கு வருகிறேன். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வடக்குத் தெருவுக்கு ரோட்டோரமாகக் குழாய் போவதாகத்தான் மதிப்பீடு. வேலை நடக்கும்போது போய்ப் பார்த்தால் பள்ளம் வேறு பக்கம் தோண்டியிருக்கிறது. பொறியாளர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். "ஏன் சார், ரோட்டோரமா போகாம சுத்திக்கிட்டுப் போகுது?" என்று கேட்டேன். அவர் சிரித்த முகமாக, "சார்கிட்ட விவரமா சொல்லிட்டேன்மா" என்றார். அவ்வளவுதான். என் ஊராட்சி, என் தீர்மானம், என் கேள்வி; பதில் மட்டும் வேறொருவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ராத்திரி எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். "ஏதோ பாறைன்னாரு, லெவல் வரலைன்னாரு. டீக்கடையில வெச்சு சொன்னாரு, நானும் சரின்னுட்டேன்" என்றார்.

இப்போது தணிக்கையில் கேட்கிறார்கள்: மதிப்பீட்டில் உள்ள பாதை ஏன் மாற்றப்பட்டது? திருத்திய மதிப்பீடு எங்கே? மாற்றத்துக்கு அனுமதி கொடுத்தவர் யார்?

நியாயமான கேள்விகள். நான் அன்றைக்குக் கேட்டதும் இதையேதான். மூன்று ராத்திரி அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'டீக்கடை பெஞ்சில் என் கணவரிடம் சொல்லப்பட்டது' என்று எழுதவா? அவருக்குக் கேட்கிற உரிமையும் கிடையாது, ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய கடமையும் கிடையாது. பில்லில் என் கையெழுத்து இருக்கிறது, துணைத் தலைவருடைய கையெழுத்து இருக்கிறது. பாதையை மாற்றியவருடைய வாய்ச்சொல் எந்தத் தாளிலும் இல்லை.

1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் எனக்கு ஓரளவு தெரியும். பயிற்சிக்கு வந்தபோது கொடுத்த புத்தகத்தை முழுதாகப் படித்தவள் நான். (பயிற்சிக்கு நானேதான் வர வேண்டும் என்றீர்கள். சாப்பாடும் ஃபோட்டோவும் இருந்ததால் இருக்கலாம்.) 205-ஆம் பிரிவின்படி ஒரு தலைவரை நீக்க வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியர் தலைவருக்குத்தான் நோட்டீஸ் அனுப்புவார், தலைவரின் கணவருக்கு அல்ல. காசோலையில் ஒப்பம் என்னுடையது. பழி என்னுடையது. பேச்சு மட்டும் அவரோடு. இதில் என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

எனவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். அடுத்து எப்போது தேர்தல் நடந்து யார் தலைவராக வந்தாலும், தலைவரின் எண்ணுக்கு அழையுங்கள்.

'ஊர் வழக்கம் அப்படி, பொம்பளைங்களுக்கு நேரங்கெட்ட நேரத்துல போன் பண்ண முடியுமா?' என்று உங்களில் ஒருவர் என்னிடமே கேட்டார். ஊர் வழக்கம் என்னவென்று எனக்கும் தெரியும், நான் அந்த ஊரில்தான் குடியிருக்கிறேன். ஓட்டுக் கேட்டு நான் தெருத்தெருவாகப் போனபோது யாரும் அந்த வழக்கத்தைச் சொல்லித் தடுக்கவில்லை. தண்ணீர் வரவில்லை என்று ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டியவர்கள் எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். 'தலைவர் இல்லியாம்மா?' என்று வாசலில் நின்று கேட்டது உங்கள் அலுவலகத்து ஆட்கள் மட்டும்தான். என் ஊர் ஆறு மாதத்தில் பழகிக்கொண்டதை உங்கள் அலுவலகம் ஐந்து வருஷமாகியும் பழகவில்லை.

முப்பது வருஷத்தைத்தான் இப்போது தொடுகிற ஜனநாயகம் இது, அதுவும் எனக்குத் தெரியும். 73-வது திருத்தம் 1993-இல் அமலுக்கு வந்து, புதுச் சட்டப்படி இங்கே முதல் தேர்தல் நடந்தது 1996-இல். பெண்களுக்கு 50 சதவீதம் என்று சட்டம் செய்தது 2016-இல். அந்த வருஷம் நடக்க வேண்டிய தேர்தலே 2019 டிசம்பரில்தான் நடந்தது. அதுவரை தலைவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் இறங்கிய பிறகும் அவர்கள்தான் வந்தார்கள். தலைவரே இல்லாத ஊராட்சி உங்களுக்கு வசதியாக இருக்கிறதோ என்று சில நேரம் தோன்றும். ஆனால் அதைவிடப் பழைய கதையும் இருக்கிறது. 1927-இல் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபைக்குத் துணைத் தலைவராக இருந்தார். சபை விவகாரத்தை அவருடைய கணவரிடம் சொல்லிவிட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. அவருக்கு அப்புறம் இத்தனை காலம் போய், 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 பேரில் 12 பெண்கள் ஜெயித்தார்கள். மேலே இந்த லட்சணம் என்றால் கீழே கேட்கவா வேண்டும்?

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டத்தில் ஒரு ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் வந்தது. எல்லாரும் கொதித்தார்கள், நடவடிக்கையும் வந்தது. அந்த அம்மாவுக்கு நடந்ததோடு என் கதையை நான் ஒப்பிட மாட்டேன். அவருக்கு நடந்தது சாதிக் கொடுமை. எனக்கு எப்போதும் நாற்காலி போட்டீர்கள், டீயும் கொடுத்தீர்கள். ஆனால் போனில் நடப்பதை யாரும் படம் பிடிக்க முடியாது என்பதை மட்டும் அன்று நினைத்துக்கொண்டேன்.

மனைவிக்குப் பதில் அதிகாரம் செய்யும் கணவர்களுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த குழு 2025-இல் பரிந்துரை செய்ததாகச் செய்தி வந்தது. நல்லது. அவர் அதிகாரம் செய்கிறார் சரி, எதிரில் உட்கார்ந்து அதற்குத் தலையாட்டுகிறவர் யார்? கைதட்டல் எழ இரண்டு கை வேண்டாமா?

இல்லையென்றால் ஒரு யோசனை சொல்கிறேன். 'தலைவரின் வீட்டுக்காரர்' என்று ஒரு பதவியை அரசாணை போட்டே உண்டாக்கிவிடுங்கள். அவருக்கு ஒரு முத்திரை, ஒரு மேசை, வெள்ளைச் சட்டைக்குப் படி. ஆய்வுக் கூட்டத்துக்கு அவரே வரட்டும். தணிக்கைத் தடையையும் அவருக்கே அனுப்புங்கள். 205-ஐயும் அவர்மேலேயே பாய்ச்சுங்கள். நாங்கள் நிம்மதியாக ரேஷன் கடைக்குப் போவோம்.

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எழுதிவிட்டேன். உங்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். எம் புக்கை, அதாவது செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகத்தை, எப்படிப் படிப்பது என்று ஒரு ஓவர்சியர் எனக்கு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. அவரைப் போல இன்னும் நாலு பேர் இருந்திருந்தால் இந்த மடலே தேவைப்பட்டிருக்காது.

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். பதிவேட்டில் தலைவரின் சொந்த எண்ணை எழுதுங்கள். அவர் எழுதிக் கொடுத்ததை அடிக்காதீர்கள். வாட்ஸப் குழுவில் அவரைச் சேருங்கள். அவருக்குப் பதிலாக வேறு யாராவது எடுத்தால், 'தலைவரிடம் கொடுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு வார்த்தைதான். தலைவரின் எண்ணுக்கு அழையுங்கள்.

தணிக்கைக்குப் பதில் எழுத வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகம் வருகிறேன். பொறியாளரையும் அந்த நேரத்தில் இருக்கச் சொன்னால் உதவியாக இருக்கும். பாறை எந்த இடத்தில் இருந்தது என்று அவர் எனக்குச் சொல்ல வேண்டும். எங்க வீட்டுக்காரர் வர மாட்டார், லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர் ஒருவர்