மாட்டுத்தாவணி பூக்கார அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள அக்காவுக்கு,

பேரைக் கேட்டதற்கு, "பேரு என்னத்துக்குத் தாயி, மொதல்ல வீடு போய்ச் சேரு" என்று அனுப்பிவைத்துவிட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி இந்த மடல். யார் மூலமாவது உங்களை வந்து சேரட்டும்.

அன்று மாட்டுத்தாவணியில் வெயிலில் நின்றிருந்தபோது மயங்கி விழுந்தேனே, காது அடைத்ததும் கண் இருட்டியதும் வரைதான் எனக்கு நினைவு. மற்றதைக் கூட இருந்த கல்லூரிப் பிள்ளைகள் சொன்னார்கள். கைகால் வெட்டி இழுத்ததைப் பார்த்து, வலிப்பென்று நினைத்து ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வந்தாராம். இன்னொருவர் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டப் பார்த்தாராம். பதறிப்போய் உதவ வந்தவர்கள், அவர்களுக்கும் என் நன்றி. நீங்கள்தான், "இரும்பும் வேணாம், தண்ணியும் வேணாம். உக்கார வைக்காதீங்கப்பா, படுத்தே கெடக்கட்டும். எந்தங்கச்சி இப்படித்தான் விழுவா" என்று தடுத்து, பூ மூட்டையை இழுத்து என் காலுக்கு அடியில் வைத்தீர்கள்.

காலை உயர்த்தினால் சேலை ஒதுங்குமே என்று அந்த அவசரத்திலும் உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முழங்கால் மேல் போர்த்தி, ஓரங்களை மூட்டைக்கு அடியில் செருகிவிட்டீர்கள். கண் விழித்ததும் என் கை முதலில் போனது சேலைக்குத்தான். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, படு" என்றீர்கள். "முழுகாம இருக்காளோ?" என்று யாரோ கேட்டதற்கு, "அது ஒனக்கு எதுக்கு? தள்ளி நில்லு, காத்து வரட்டும்" என்றீர்கள். மயக்கம் ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடுகிறது அக்கா. நாலு பேர் நடுவில் விழுந்து கிடந்த கூச்சம்தான் நாள்கணக்கில் ஆளைத் தின்னும். அதை என் பக்கம் வரவிடாமல் செய்தது உங்கள் துண்டு.

ஈசிஜி, எக்கோ என்ற இதய ஸ்கேன் எல்லாம் எடுத்து, கட்டிலோடு வாரால் கட்டி நிமிர்த்திவைக்கும் டில்ட் டெஸ்ட்டும் செய்து, இதயத்தில் கோளாறில்லை என்று சொன்ன டாக்டர், நீங்கள் செய்ததுதான் சரி என்றார். வெயிலில் நெடுநேரம் நின்றால் ரத்தம் காலில் தேங்குகிறது. அப்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்க, ரத்தக்குழாய்களும் விரிய, பிரஷர் சட்டென்று இறங்கி மூளைக்கு ரத்தம் போதாமல் போகிறதாம். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் நினைவு தானாகத் திரும்பிவிடும். ஓடும்போது விழுந்தாலோ, எந்த அறிகுறியும் இல்லாமல் விழுந்தாலோ, நெஞ்சுவலியோடு விழுந்தாலோ, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்திருந்தாலோ உடனே இதயத்தைப் பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். வீட்டில் மயங்கி விழுபவர்கள் இருந்தால் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

கைப்பையைக் காத்துத் தந்த பிள்ளைகள், காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன், பொறுமையாக விளக்கிய டாக்டர், சிஸ்டர்கள், என் வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட டீச்சர்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

எங்கள் பள்ளியிலும் காலைப் பிரேயரில் பிள்ளைகள் சுருண்டு விழுவதுண்டு. இனி காது அடைத்தால், குளிர்ந்து வியர்த்தால், யாரிடமும் கேட்காமல் அந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம். காலைக் குறுக்காகப் பின்னித் தொடையை இறுக்கவும் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். யார் விழுந்தாலும் படுக்கவைப்போம், மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்துவோம். தலைமையாசிரியை சம்மதித்துவிட்டார். வரும் திங்கட்கிழமை பிரேயரில் நானே பேசுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் தாயி