போகித் தீயைப் பற்றி மரகதத்துக்கு

பெரம்பூர்,
தை 5.

அன்புள்ள மரகதத்துக்கு,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்குப் பொங்கல் கழிந்துதான் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அண்ணனின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று கோமளா சொன்னாள். அவள் மகள் கல்யாணத்தில் நடந்த கூத்தை நேரில் பார்க்கும்போது சொல்கிறேன். கடிதத்தில் எழுதினால் நீ அதை அவளிடமே படித்துக் காட்டிவிடுவாய்.

இப்போது நான் எழுத உட்கார்ந்தது போகியைப் பற்றி. நாம் பயிற்சிப் பள்ளி விடுதியில் இருந்தபோது, மார்கழி பிறந்ததுமே நான் போகி, போகி என்று குதிக்க, "நல்ல நாளும் அதுவுமாக வாசலில் தீ வைத்துக்கொள்கிற ஊரும் ஒரு ஊரா?" என்று நீ கேட்டாயே, நினைவிருக்கிறதா? உங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் போகியன்று காப்புக்கட்டு. வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் கட்டி வாசலிலும் வயலிலும் செருகுவதோடு நாள் முடிந்துவிடும். அந்தக் கேள்விக்காக அப்போது இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். போன ஆண்டு போகியன்று விடியற்காலையில், என் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோது, அதே கேள்வி என் காதில் ஒலித்தது.

அன்றைக்கு நான்கரை மணிக்குக் குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. ஜன்னல்களை மூடித் துணியைச் செருகி வைத்தும் அறைக்குள் டயர் நாற்றம் அடித்தது. தெருவில் இறங்கினால் எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை. என் மகன் கைப்பேசி விளக்கைப் பிடித்தபடி ஆட்டோவுக்கு முன்னால் நடந்தான். நெடுஞ்சாலை வரும்வரை ஆட்டோக்காரர் அந்த வெளிச்சத்தைப் பார்த்தே ஓட்டினார். மருத்துவமனையில் எங்களுக்கு முன்பே ஏழெட்டுக் குழந்தைகள் நெபுலைசர் முகமூடியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேத்தியின் மூக்கைத் துடைத்தபோது கைக்குட்டையில் கண்மை போலக் கரி ஒட்டியது. அவளுக்கு அப்போது ஆறு வயது. "பாட்டி, போகி எப்போது முடியும்?" என்று கேட்டாள், மரகதம். நான் சிறுமியாக இருந்தபோது முடியவே கூடாது என்று நினைத்த நாள் அது.

அதற்குப் பிறகு இந்தச் செய்தியை விடாமல் படித்தேன். 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டது உனக்கும் நினைவிருக்கும். தை பிறப்பதற்கு முந்தைய அந்த நேரத்தில் காற்று அசைவதே இல்லை. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்க, அதற்கு மேலே வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் நின்றுவிடுவதால், கீழே எழும்பும் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தங்கி, பனியோடு கலந்து கனத்துவிடுகிறது. ஆகவே ஒரு நாளில் புகை எழுப்பக் கூடாத நேரம் எதுவென்று தேடினால், நாம் காலங்காலமாகப் போகி கொளுத்தி வரும் அதே நேரம்தான் வந்து நிற்கிறது.

ஆனால் என் அம்மா காலத்திலும் இதே நேரத்தில்தான் கொளுத்தினார்கள். அவர்கள் தீயில் போட்டவை கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், பொத்தலான முறம், கூரையிலிருந்து இறக்கிய கீற்று. எல்லாம் மண்ணில் முளைத்தவை. சாம்பலை அள்ளி அவரைப் பந்தலுக்குப் போடுவார்கள். இன்றைக்குப் பழையது என்று வீட்டில் சேர்ந்திருப்பதெல்லாம் நைலான் புடவை, ரெக்சின் பை, ஸ்பாஞ்சு மெத்தை, மின்வயர், ஃபிளெக்ஸ் பதாகை. இவை போதாதென்று டயரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருகிறார்கள், நீண்ட நேரம் எரியும் என்பதற்காக. டயர் ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பதால், எரியும்போது கந்தக டை ஆக்சைடு வருகிறது. வயரின் பி.வி.சி. உறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் வருகின்றன. 'பழையன கழிதல்' என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். கழித்தது எங்கே போகிறது என்று ஒரு பிள்ளையையும் கேட்டதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. டயர், பிளாஸ்டிக் எரிக்க உயர் நீதிமன்றம் விதித்த தடையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எத்தனை சந்துக்குள் யார் போய்ப் பார்க்க முடியும்? அதனால் எங்கள் தெருவை நாங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்து, இந்த மார்கழி முதல் வாரத்தில் எங்கள் மாடியில் தெருக்காரர்களைக் கூட்டினேன்.

கேரம் கிளப் பையன்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவன், என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன், எழுந்து நின்று மரியாதையாகவே கேட்டான்: "டீச்சர், மணலியும் எண்ணூரும் வருஷம் முழுக்க நம்ம மேல புகை விடுது. அதை யாரும் கேக்கல. நாங்க ஒரு நாள் கொளுத்துறதுதான் எல்லார் கண்ணுக்கும் தெரியுதா?" அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. வடசென்னையில் பிறந்து வளர்ந்த எவராலும் அதற்கு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. அந்தப் புகையைப் பற்றி நானும் அவர்களோடு சேர்ந்து மனு எழுதுகிறேன் என்று சொன்னேன்; எழுதவும் தொடங்கிவிட்டோம். அதோடு, நம் குழந்தைகளின் நெஞ்சில் நாமும் சேர்ந்து ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். கடைசியில், போகியை நிறுத்தச் சொல்லவில்லை என்று புரிந்த பிறகே அவர்கள் இறங்கி வந்தார்கள். வாசலுக்கு வாசல் கொளுத்தாமல் தெருமுனை அம்மன் கோயில் எதிரே ஒரே தீ. அதில் பாய், துடைப்பம், ஓலை, வறட்டி, பெயின்ட் அடிக்காத மரம் மட்டும். மற்றவை மாநகராட்சி வண்டிக்கு. இதுதான் பேசி முடித்தது. வறட்டிப் புகையும் புகைதான் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தீ என்றால் வெறும் வைக்கோலை எரித்தாலும் ஊர் தாங்காது. ஆகையால்தான் ஒரே தீ என்பதில் நான் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று நினைத்திருந்தபோது, மூன்றாம் வீட்டு ஆயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஆடி மாதம் அவர் கணவர் போய்விட்டார். கடைசி எட்டு மாதம் அவர் படுத்திருந்த ஸ்பாஞ்சு மெத்தை கூடத்து மூலையில் சுருட்டிக் கயிறு கட்டி நின்றது. அதைப் போகியில் போட வேண்டும் என்று ஆயா ஆறு மாதமாகக் காத்திருக்கிறார். ஸ்பாஞ்சு எரியும்போது வரும் நச்சைப் பற்றி நான் பாடம் நடத்துவதுபோல் விளக்கி, மாநகராட்சி வண்டியில் போடலாம் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவரைக் குப்பை வண்டியிலே போடச் சொல்றியா?" என்றார்.

மரகதம், முப்பத்தோராண்டு ஆசிரியை வேலை பார்த்தவளுக்கு அந்த நிமிடத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. துகள், நச்சு, அபராதம் என்று நான் திரட்டி வைத்திருந்த எதுவும் அந்தக் கேள்வியைத் தொடவில்லை. வீட்டில் ஒரு துயரம் பொருளாக நிற்கிறது. அதைத் தீயிடம் ஒப்படைத்தால்தான் தை பிறக்கும் என்று அவர் நம்புகிறார். இப்படி ஒப்படைக்கிற இடமாகத்தான் போகித் தீ இருந்து வந்திருக்கிறது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். தீயே வேண்டாம் என்று சட்டம் போடச் சொல்பவர்களோடு என்னால் சேர முடியாததற்கும் அதுதான் காரணம்.

மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் ஆயா தாமாகவே அலமாரியிலிருந்து கணவரின் கதர்த் துண்டை எடுத்து வந்தார். கழுத்துப் பக்கம் மஞ்சளேறி, ஓரம் நைந்த பருத்தித் துண்டு. "இதுலதான் அவரு வாசனை இருக்கு. மெத்தையிலே மருந்து வாசனைதான் இருக்கு" என்றார். மெத்தை வண்டியில் ஏறியபோது அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

போகியன்று ஐந்து மணிக்குத் தீ மூட்டினோம். குழந்தைகள் மண்வளையத்தில் தோல் கட்டிய போகி மேளங்களைத் தட்டிக்கொண்டு சுற்றி வந்தார்கள். ஆயாவை அந்தக் கேரம் பையன்தான் கைபிடித்து அழைத்து வந்தான். துண்டை நான்காக மடித்துத் தீயின் ஓரத்தில் வைத்தார். அது முதலில் பழுப்பாகிச் சுருண்டு, பிறகு ஒரே மூச்சில் பற்றி எரிந்தது. புகை வெள்ளையாகத்தான் இருந்தது, மரகதம். தெருக்கோடிவரை வீடுகள் தெரிந்தன.

ஐந்தே முக்காலுக்கு அடுத்த தெருவிலிருந்து கரும்புகை வந்து எங்களையும் மூடியது. பேத்தியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இந்த முறை இன்ஹேலரோடு சமாளித்துவிட்டாள். விடிந்த பிறகு பார்த்தால் எங்கள் தெருவின் மறுகோடியிலேயே இரண்டு டயர்களின் கம்பி வளையங்கள் கிடந்தன. ரப்பரெல்லாம் எரிந்து, சடைபிடித்த மயிர்போலத் துருக்கம்பி மட்டும் உருகிய தாரில் புதைந்திருந்தது. யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. கேரம் பையன் கடப்பாரை கொண்டுவந்து அவற்றைப் பெயர்த்து, பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனான்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, அடுத்த தெருவுக்குப் போய்ப் பேசுவது. அதற்குப் பையன்களே வருவதாகச் சொல்கிறார்கள். இன்னொன்றுதான் சிக்கல். வெயில் ஏறிக் காற்று அசையத் தொடங்கியதும், ஏழு மணிக்கு மேல் தீ மூட்டலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "விடிஞ்சப்புறம் கொளுத்தினா அது போகியா?" என்று ஆயாவே முதலில் மறுத்தார். எனக்கும் இருட்டில் முகங்கள் சிவந்து தெரிந்த அந்தக் காட்சியை விட மனம் வரவில்லை. ஆனால் குழந்தையின் மூச்சை நினைத்தால் ஏழு மணிதான் சரி என்று படுகிறது. இதில் நீ என்ன நினைக்கிறாய் என்று ஒளிக்காமல் எழுது. இந்த முறை பேசாமல் இருக்க மாட்டேன்.

ஆயாவிடம் உங்கள் ஊர்க் காப்பைப் பற்றிச் சொன்னேன். பூளைப்பூ எப்படி இருக்கும் என்று கேட்டார். அடுத்த போகிக்கு முந்தைய நாளே நீயும் அண்ணனும் இங்கே வந்துவிடுங்கள். வரும்போது அவர் வாசலுக்கும் எங்கள் வாசலுக்கும் இரண்டு கொத்து எடுத்து வா.

அன்புடன்,
உன் சரஸ்வதி