பீடத்தின் பின்பக்கம் பற்றி ஆலயக் கமிட்டிக்கு ஒரு மடல்

கனம் ஐயா அவர்களுக்கும், கட்டிடக் கமிட்டி அண்ணன் தம்பிகளுக்கும் தோத்திரம்.

போன வாரம் புதுப் பிரசங்க பீடத்தின் அளவுகளைக் காட்ட வந்தேன். அப்போது உங்களில் ஒருவர், "முன்பக்கம் பலா மரம் போடுங்க, பின்பக்கமும் அடியும் பிளைவுட் போதும். யார் குனிஞ்சு பார்க்கப் போறா?" என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். வீட்டுக்குப் போன பிறகுதான் உறுத்தியது. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. அதனால் சபையார் எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

வேதத்தின் யாத்திராகமப் புத்தகத்தில், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதிக்கச் செய்த ஆசரிப்புக் கூடாரத்து வேலை வரும் அதிகாரங்களை நம்மில் பலர் வேகமாகத் தள்ளிவிடுவோம். எனக்கு அதுதான் தொழில் பாடம். 48 பலகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒத்து இசையும் இரண்டு கழுந்துகள், அதாவது குழியில் இறங்கிப் பொருந்தும் முனைகள். பட்டறையில் பேசும் சொல்லை வேதத்தில் பார்த்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கழுந்துகள் இறங்குவது பலகைகளைத் தாங்கும் வெள்ளிப் பாதங்களில். பலகைகளுக்கு 96, திரைத் தூண்களுக்கு 4, ஆக 100. ஒரு பாதத்துக்கு ஒரு தாலந்து வெள்ளி; இன்றைய எடையில் ஏறக்குறைய 30 கிலோவுக்கு மேல். அத்தனை வெள்ளியும் போய் உட்கார்ந்தது வனாந்தர மணலில்! யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று அந்த வேலையைச் செய்த கைவினைஞர்கள் பெசலெயேலும் அகோலியாபும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 39-ஆம் அதிகாரத்தில் ஆசாரிய உடை தைக்கும் பகுதியில் மட்டும், கர்த்தர் மோசேக்குக் கற்பித்தபடியே செய்தார்கள் என்று ஏழு தடவை வருகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் கர்த்தர் அளவு கொடுத்துவிடவில்லை. குத்துவிளக்குக்கு மொக்கு, பூ, கிளை எல்லாம் சொல்லியிருக்கிறது. அதற்கான கருவிகளாகிய பணிமுட்டுகளோடு சேர்த்து ஒரு தாலந்து பொன் என்றும் இருக்கிறது. உயரம் மட்டும் இல்லை. அதை வேலைக்காரன் கைக்கு விட்டுவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

நம் பீடத்துக்குச் சீனாய் மலையிலிருந்து அளவு வரவில்லை, சரி. பிளைவுட் பாவம் என்றும் நான் சொல்லவில்லை. என் வீட்டு அலமாரியே பிளைவுட்தான். ஆனால் "முழுக்கப் பலா மரத்தில்" என்று ஆராதனையில் ஜெபம் பண்ணி அறிவித்தது நாம். அதைக் கேட்டுக் காணிக்கை போட்டவர்களில் துறைமுகத்தில் மீன் கூடை தூக்கும் அக்காக்களும் உண்டு. யார் முன்னால் சொன்னோமோ, அவர் குனியாமலே பின்பக்கத்தைப் பார்க்கிறவர்.

பழைய பீடம் 2011 டிசம்பர் 30 தானே புயலில் ஓடு பறந்து நனைந்ததில்தான் அடி இற்றுப்போனது. போன மாதம் அதைக் கழற்றியபோது உட்புறத்தைத் தடவிப் பார்த்தேன். முன்பக்கம் மாதிரியே இழைப்புளி போட்டு வழவழவென்று இருந்தது. எல்லாம் கழுந்துப் பொருத்து, ஓர் இரும்பாணிகூட இல்லை. அதைச் செய்தவர் இந்த ஊர் உப்புக்காற்று தெரிந்த ஆள்! பெயர் எழுதி வைத்திருப்பாரோ என்று தேடினேன். ஒரு பழைய பென்சில் கோடுதான் இருந்தது.

செலவு இடிக்கிறது என்றால், முகப்பில் கேட்டிருக்கும் திராட்சைக்கொடி செதுக்கு வேலையை விட்டுவிடலாம். அதில் என் கூலிதான் குறையும். அது எனக்குச் சம்மதம். அப்புறம், திருகாணி போட வேண்டிய இரண்டு மூன்று இடங்களில் பித்தளைதான் போடுவேன், அதை மாற்றச் சொல்லாதீர்கள்.

பண்ருட்டியில் மரம் பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. புதன்கிழமைக்குள் பதில் சொன்னால் நல்லது. முடிவு எடுக்கும் முன் ஒரு நடை பட்டறைக்கு வாருங்கள். பழைய பீடத்தை, பின்பக்கம் தெரியும்படி சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சபைத் தச்சன்,
கடலூர் முதுநகர்