பேயருக்கு ஒரே வரிதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஜெர்மன் வேதியியலாளர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வோலர் 1828இல் ஆய்வகத்தில் யூரியா செய்தது, ஹேபரின் அம்மோனியா எல்லாம் சரி. பாம்பு தன் வாலைத் தானே கவ்வுவதாகக் கெக்குலே கண்ட கனவுக்கு மட்டும் எதற்கு அரைப் பக்கம்? பென்சீன் மூலக்கூறு ஒரு வளையம் என்று 1865இல் எழுதியவர், அந்த யோசனையைத் தந்தது அந்தக் கனவுதான் என்று மேடையில் சொன்னது 1890இல். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான்.

ஆனால் அவரிடம் பயின்ற அடால்ஃப் வான் பேயருக்கு, 1905இல் நோபல் பரிசு பெற்றார் என்று ஒரே வரி. நம் ஊர் பத்திரிகையில் அதிகம் எழுத வேண்டியது அவரைப் பற்றித்தானே! அவுரியை அறுத்து, தொட்டியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்கி எடுத்துவந்த இண்டிகோ என்ற நீலச் சாயத்தைச் செடியே இல்லாமல் செய்துகாட்டி, 1883இல் அதன் மூலக்கூறு அமைப்பையும் சொன்னவர் அவர். அவர் வழியில் செலவு கட்டுப்படியாகவில்லை. பிறகு ஹாய்மன் என்பவர் வேறு வழி கண்டார், அதற்கு மூலப்பொருள் நாப்தலீன், நாம் பீரோவில் போடும் பாச்சை உருண்டைதான். அதை ஆக்சிஜனேற்றம் செய்வதில் இழுபறியாக இருந்தபோது பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் வேதிப்பொருள் கம்பெனியின் ஆய்வகத்தில் ஒரு தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் கலவையில் விழ, வினை மளமளவென்று நடந்துவிட்டது. 1897இல் ஆலை நீலம் சந்தைக்கு வந்தது.

இங்கே அவுரி நீலத்தின் விலை விழுந்தது. பீகாரின் சம்பாரணில், 20 கத்தா (அங்கே வழங்கும் நில அளவு) நிலத்தில் 3 கத்தா அவுரி போட்டே ஆகவேண்டும் என்று குடியானவர்களைக் கட்டாயப்படுத்திய வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள், இனி அவுரி வேண்டாம், அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறோம், அதற்குப் பதில் நிலத்துக்கான குத்தகையை ஏற்றிக் கொடு அல்லது மொத்தமாகப் பணம் கட்டு என்று தங்கள் நட்டத்தை அவர்கள் தலையில் கட்டினார்கள். 1917இல் காந்தி அங்கே போனபோது கேட்ட குறைகளில் இதுவும் உண்டு. பள்ளிக்கூடத்தில் சம்பாரணை வரலாற்று வகுப்பிலும் இண்டிகோவை வேதியியல் வகுப்பிலும் படித்த எனக்கு, இரண்டும் ஒரே கதை என்று தெரிய ஐம்பது வயதாயிற்று.

அப்புறம், அடால்ஃப் வான் பேயர் பெயருக்குப் பக்கத்தில் ஆஸ்பிரின் மாத்திரைப் படம் போட்டிருக்கிறீர்கள். ஆஸ்பிரினை விற்ற பேயர் கம்பெனியைத் தொடங்கிய ஃப்ரீட்ரிக் பேயர் வேறு ஆள், தமிழில் எழுதும்போது இரண்டு பெயரும் ஒன்றாகிவிடுகின்றன. திருத்தம் போடும்போது ஓர் அவுரிச் செடியின் படம் போடுங்கள். திண்டிவனம் பக்கம் இன்னமும் பயிரிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்