பெயரில்லாத லிங்க்குகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொழில்நுட்பப் பகுதியில், இணையப் பக்கங்கள் இப்போது எந்த பிரவுசரில் திறந்தாலும் ஒன்றுபோலவே வரும், அந்தக் கவலை தீர்ந்துவிட்டது என்று ஒரு வரி இருந்தது. நான் பிறவியிலேயே பார்வையற்றவன். இருபது வருடமாகத் தங்கள் வாசகன். முதலில் என் அக்கா சத்தம் போட்டுப் படித்துக் காட்டுவார். இப்போது என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருள், படிக்கிறது. அந்த வரியையும் அதுதான் எனக்குப் படித்துக் காட்டியது.

கட்டுரையாளர் சொன்னதில் பாதி உண்மை. முன்பெல்லாம் பக்கத்தை எழுதியவர் ஒரு டேக்கை, அதாவது ஒரு பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் குறியை, மூடாமல் விட்டால், நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் ஒரு விதமாகவும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வேறு விதமாகவும் காட்டும். பிழையான பக்கத்தை பிரவுசர் எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும், இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் ஐந்தாம் பதிப்பான எச்டிஎம்எல்5 விதியாகவே எழுதிவைத்தது. 2014இல் அது அதிகாரப்பூர்வத் தரமாக வந்தது. அதனால் குரோமும் ஃபயர்பாக்ஸும் இன்று ஒரே மாதிரி பழுது பார்க்கின்றன. சரி, மூடாத டேக்கை பிரவுசர் மூடிவிடும். பெட்டிக்கும் லிங்க்குக்கும் வைக்காத பெயரை எங்கே போய்த் தேடும்?

போன மாதம் இணையத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அடுத்தடுத்த பெட்டிக்கு நகர்த்தும் டேப் விசையைத் தட்டினேன். "எடிட், பிளாங்க்." மறுபடி தட்டினேன். "எடிட், பிளாங்க்." பதினான்கு பெட்டிக்கும் அதே பதில்தான். அம்பு விசையால் மேலே போய்க் கேட்டால் தந்தை பெயர், பிறந்த ஊர், தொழில் என்று பெயர்கள் மொத்தமாக ஓரிடத்தில் வருகின்றன, பெட்டிகள் மொத்தமாக அதற்குக் கீழே. கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரியுமாம். எந்தப் பெயர் எந்தப் பெட்டிக்கு என்று பக்கத்துக்குள் முடிச்சுப் போட்டிருந்தால் என்விடிஏ சொல்லியிருக்கும். முடிச்சு இல்லாவிட்டால் அது பொதுவாக ஊகிக்காது.

என் நண்பர் காசு கொடுத்து ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடரை வாங்கி வைத்திருக்கிறார். அது அக்கம்பக்கத்து எழுத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்லும். அதே விண்ணப்பத்தில் அது ஒரு வரிசை தள்ளி ஊகித்ததில், தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பிறந்த ஊர் போய், விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. இரண்டு மென்பொருளையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்விடிஏவை 2006இல் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான்; இன்றுவரை அது இலவசம். ஒழுங்காகக் கட்டாத பக்கத்துக்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

கடைசியில் 'சமர்ப்பி' பொத்தான். அது பொத்தானே இல்லை, பொத்தான் போல வண்ணம் பூசிய வெறும் கட்டம். டேப் அதில் நிற்கவே நிற்காது. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். என் ஆதார் எண்ணிலிருந்து சம்பளம் வரை எல்லாவற்றையும் அவன் பார்த்துவிட்டுத்தான் அதை அழுத்தினான். நல்ல பையன். ஆனாலும் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இது இன்று நேற்று வந்த வலி இல்லை, ஐயா. ஆங்கில எழுத்துக்கே தமிழ் உருவம் மாட்டிவிடும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இப்போதும் வருகின்றன. மற்றவர்களுக்குத் திரையில் 'தமிழ்' என்று தெரியும். நான் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக் கேட்டால் "ஜே, கே, பி, ஓ, செமி" என்கிறது. இந்தச் சொல்லை என் தாய்மொழியில் இப்படியா நான் கேட்க வேண்டும்? சுற்றறிக்கைகளை ஸ்கேன் செய்து படமாக அனுப்புகிறார்கள். அதில் எனக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்று எழுத்தையும் கொடுங்கள் என்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. டிஜிட்டல் வசதியைப் பெறுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

தங்கள் இணையதளத்தையும் சொல்லத்தான் வேண்டும். இன்சர்ட்டையும் எஃப்7ஐயும் சேர்த்து அழுத்தினால், பக்கத்தில் உள்ள லிங்க்குகளை மட்டும் என்விடிஏ பட்டியலாகத் தரும். சென்ற இதழுக்கு அப்படிக் கேட்டேன். "மேலும் படிக்க. மேலும் படிக்க. மேலும் படிக்க." இருபத்திரண்டு தடவை. எது சிறுகதை, எது மருத்துவப் பகுதி, எது தலையங்கம் என்று ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பும் இதை எழுதினேன். பதில் வரவில்லை. வேலை மிகுதி என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பொருளடக்கப் பக்கத்தில் கட்டுரையின் தலைப்பையே லிங்க்காக வைக்கச் சொல்லுங்கள். தெரிந்தவருக்கு அரைமணி நேர வேலை. அடுத்த இதழ் வந்ததும் முதல் வேலையாக இன்சர்ட்டையும் எஃப்7ஐயும் அழுத்திப் பார்ப்பேன்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அரசுப் பள்ளி ஆசிரியர்,
திண்டுக்கல்.