குட்டிகள் எங்கே என்று கேட்டாயே

மசினகுடி,
ஐப்பசி 12

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். போன வருடப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது தெப்பக்காடு சாலையைத் தாயின் பின்னாலேயே கடந்து போன மூன்று புலிக்குட்டிகள் இப்போது எங்கே என்று தொலைபேசியில் கேட்டாய். எனக்கு எழுதினால்தான் ஒழுங்காக வரும்.

நீ பார்த்தபோது அவற்றுக்கு மூன்று மாதம் இருந்திருக்கும். தாய் நூறு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுமந்து, புதருக்குள்ளோ பாறை இடுக்கிலோ ஈனும்போது, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 கிலோ எடைதான் இருக்கும். கண் திறக்கவே ஓரிரு வாரம் ஆகும். ஏறத்தாழ பாதிக் குட்டிகள் இரண்டு வயதை எட்டுவதில்லை. நம் மூன்றில் ஒன்று அந்தக் கோடையிலேயே போய்விட்டது. ஓடை மணலில் தாயின் தடத்தோடு இரண்டு சிறிய தடங்களை மட்டுமே கண்டேன்.

அப்பன் புலி இரை கொண்டு வந்து ஊட்டுவதில்லை. ஆனாலும் அது தன் எல்லையைக் காத்து நிற்கும் வரையில்தான் குட்டிகளுக்குப் பாதுகாப்பு. வேறோர் ஆண் அதைத் துரத்திவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், குட்டிகளை இழந்த தாய் விரைவில் மறுபடியும் இணைசேரும் என்பதால், பெரும்பாலும் முதலில் குட்டிகளைக்கொன்றுவிடும். வீட்டில் அப்பன்மார் எதற்கும் உதவுவதில்லை என்று உன் அம்மா சொல்லும்போதெல்லாம் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன், அவள் ஒப்புக்கொள்வதில்லை.

மிஞ்சிய இரண்டும் தாயோடு திரிந்து, முதலில் அது அடித்த கடமானைத் தின்று, பிறகு ஒரு வயதை நெருங்கும்போது தாமே பதுங்கவும் பாயவும் பழகின. இப்போது இரண்டு வயது. பெற்றவளே உறுமி விரட்டுகிறாள். அடுத்த ஈற்றுக்கு அவளுக்கு இடமும் இரையும் வேண்டும்.

பெண்குட்டி தூரம் போகவில்லை. பெண் புலிகள் பெரும்பாலும் தாயின் எல்லையை ஒட்டியே தங்கிவிடும். வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த காலத்துப் பழக்கத்தில் நேற்று ஒரு மரத்தடியில் குனிந்து முகர்ந்தேன்: வாசனை அரிசி வடித்த சோற்று மணம். புலி தன் எல்லையைக் குறிக்கப் பீய்ச்சும் நீருக்கு அந்த மணம் உண்டு. இன்னும் ஓரிரு வருடத்தில் அவளே தாயாகலாம்.

ஆண்குட்டியின் நிலை வேறு. வளர்ந்த ஆண்கள் வேரூன்றிய காட்டில் அதற்கு இடமில்லை. வேறு காடு தேடிப் போயாக வேண்டும். வழியில் தோட்டங்களும் சாலைகளும் ஊர்களும் இருக்கின்றன. இந்த வயதில்தான் பல ஆண் புலிகள் மாட்டை அடித்து மாட்டிக்கொள்கின்றன. மோயாற்றுக்கு அக்கரையில் பந்திப்பூர் காடு. செவ்வாய்க்கிழமை காலையில் ஆற்றங்கரைச் சேற்றில் அதன் தடத்தைப் பார்த்தேன். தாயின் தடத்தைவிட அகலமாக, ஏறக்குறைய சதுரமாக இருந்தது. தண்ணீருக்குள் இறங்கிய தடம் மட்டுமே இருந்தது. திரும்பி ஏறிய தடம் இக்கரையில் எங்கும் இல்லை.

உன் அப்பா