ஞாயிறு தொடர் மருத்துவக் கல்விக் கூட்டம்: உண்ணிக் காய்ச்சல்

குழுவிலுள்ள பொது மருத்துவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்ட நிலையில், புதுச்சேரியிலும் கடலூரிலும் காய்ச்சலோடு வருவோரிடம் டெங்கு, எலிக் காய்ச்சல் ஆகியவற்றுடன் சிற்றுண்ணிக் கடியால் வரும் உண்ணிக் காய்ச்சலையும் (ஸ்க்ரப் டைஃபஸ்) நாம் நினைவில் கொள்ள வேண்டியிருப்பதால், வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நடைபெறும் கூட்டம் முழுவதையும் இந்த ஒரே தலைப்புக்கு ஒதுக்கியுள்ளோம்.

சென்ற ஆண்டு, பல நாள் காய்ச்சலோடு வந்த ஒரு விவசாயத் தொழிலாளியின் அரைஞாண் கயிற்றை விலக்கிப் பார்த்த பிறகே, இந்நோயில் உண்ணி கடித்த இடத்தில் உண்டாகும், சிகரெட் சுட்டதுபோன்ற கரிய பொருக்கு என் கண்ணில் பட்டது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆகவே அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிமடிப்பு ஆகியவற்றைத் தவறாமல் சோதிப்பது குறித்தே முதல் அரைமணி நேரம் பேசுவோம்.

தீவிர நோய்க்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இரண்டையும் சிரைவழியே சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று காட்டிய, 2023இல் வெளியான இந்திய ஆய்வை அடுத்து விவாதிப்போம்.

ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரத் தொடர் கல்வி என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதி. வருகைப் பதிவேட்டில் உங்கள் பதிவு எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். நோயாளியின் பெயரோ முகமோ தெரியாத படங்களை மட்டும் கொண்டுவாருங்கள்.